காயாத வெள்ளை

வெள்ளை மட்டும் காயவில்லை.

ராசமலர் சுட்டுவிரல் நுனியால் தாளின் ஓரத்திலிருந்து மெல்லத் தொட்டுக்கொண்டு வந்தாள். கறுப்புச் சால்வை காய்ந்திருந்தது. சாம்பல் பூசிய கன்னமும், நெற்றியில் விழுந்து கிடந்த நரைமயிரும், கழுத்தைச் சுற்றியிருந்த வெள்ளைப் பின்னல்துணியும்கூடக் காய்ந்து வழவழவென்றிருந்தன. கண்களுக்குள் வைத்த வெள்ளைதான் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. காலையில் வைத்த வர்ணம் அது. ஒரு தேத்தண்ணியை ஆற்றிக் குடித்து முடிக்கிற நேரத்துக்குள் காய்ந்துவிடுகிற சாதி. மேசைக்குப் பக்கத்திலேயே ஹீற்றர் கொதித்துக்கொண்டிருக்க, ஒரு பகல் முழுவதும் கழிந்த பின்னும் இப்போதுதான் தூரிகையை எடுத்ததுபோல ஈரமாக இருந்தது.

"போத்தல் பழுதாப் போச்சுதாக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். கழுத்துப் பின்னலுக்கும் அதே போத்தல்தான் என்பது உடனே நினைவுக்கு வந்தது. விரலை ஸ்வெற்றரில் துடைத்தாள். பிறகு இன்னொரு தடவையும் துடைத்தாள்.

யன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பின்னேரத் தேத்தண்ணிக்கே இன்னும் நேரமாகவில்லை. ஆனால் கோப்பன்ஹேகனில் மார்கழி மாதத்துச் சூரியன் சம்பளமில்லாத வேலைக்காரன் மாதிரி, வந்த கையோடு போய்விடும். முற்றத்துக்கு அந்தப் பக்கத்து யன்னல்களில் கடதாசி நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கீழே சைக்கிள்களின் மேல் பனி கிடந்தது.

ஒரு பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் அவள் கணவன் பாலேந்திரா ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிற வேலைக்குப் புறப்பட்டுப் போயிருந்தான். போகிறவன் சும்மா போகாமல், அந்தத் தாளை இரண்டு கையாலும் தூக்கி லைற்றுக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"இஞ்சாரும், படத்திலை இருக்கிற கண் எந்தப் பக்கம் நிண்டாலும் எங்களைப் பாக்குமெண்டெல்லே சொல்லுவினம்? இது என்னைப் பாக்கவே மாட்டனெண்டுது. எங்கையோ பாக்குது."

"எங்கை பாக்குது?"

அவன் தாளைப் பிடித்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தான். "பிள்ளையின்ர அறைப் பக்கம்" என்று சொல்லிச் சிரித்தான். தாளை வைத்துவிட்டுச் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு படியிறங்கினான். அந்தச் சிரிப்புத்தான் அவளை மேசைக்கு இழுத்துக்கொண்டு வந்தது. அதனால்தான் வர்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மொழிப் பள்ளிக்கூடத்தில் அவளின் கையெழுத்தையும், சேலைக்கு வர்ணம் தீட்டிப் பழகிய அவளின் நிதானத்தையும் பார்த்த ஓர் ஆசிரியைதான் கார்ட்டூன் ஸ்டூடியோ ஒன்றில் வேலை எடுத்துக் கொடுத்தாள். பின்முற்றத்தில் ஒரு பழைய கட்டடம். அங்கே வேலை என்பது பொறுமைதான். கண்ணாடிபோலத் தெரிகிற பிளாஸ்டிக் தாளின் முன்பக்கத்தில் உருவத்தின் கோடு இருக்கும். தாளைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் வர்ணத்தை நிரப்ப வேண்டும். பின்னால் எதை முதலில் வைக்கிறோமோ அதுதான் முன்னால் தெரியும். அதற்கு மேலே எதைப் பூசினாலும் மறைந்துபோகும். வர்ணம் வைக்கிறவளுக்கு அந்த முகத்தின் முதுகுதான் தெரியும். எதிர்ப் பக்கம் நிற்கிறவருக்குத்தான் முகம்.

இந்த மாரிக்கு வந்த வேலை ஸ்பெயின் நாட்டுத் தொலைக்காட்சிக்கான ஒரு பேய்க் கதைத் தொடர். பாதி வேலையை இங்கே கொடுத்திருந்தார்கள். படங்களோடு மட்ரிட்டிலிருந்து ஹூலியான் என்றொருவனும் வந்திருந்தான். தொடர் முழுவதும் ஒரு குருட்டுப் பெண். லா சியேகா என்பது அவள் பெயர். அவளுடைய கண்களை யாரோ பறித்துவிட்டார்கள். பொழுதுபடுகிற நேரத்தில், உள்ளங்கையால் சுவரைத் தடவித் தடவி ஊரூராக, வீடு வீடாக வருவாள். பிள்ளைகளின் முகத்தைத் தடவிப் பார்ப்பாள். தன் கண்களை யார் வைத்திருக்கிறார்கள் என்று தேடுகிறாளாம். அவளிடமிருந்து தப்ப ஒரே ஒரு வழிதான். அசையாமல், மூச்சுவிடாமல் சுவரோடு ஒட்டி நின்றால் அவளுக்குத் தெரியாது. தாண்டிப் போய்விடுவாள். எல்லாக் கதையிலும் கடைசியில் ஒரு பிள்ளை அப்படித்தான் தப்பும்.

முதல் நாளே ஹூலியான் எல்லோரையும் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தான். இவளுக்குக் கண் வேண்டாம், வெறும் வெள்ளை, தவறிக்கூட ஒரு கறுப்புப் புள்ளி படக்கூடாது. "கண் வந்தால் பிள்ளைகளுக்குத் தப்ப வழியில்லை, கதை முடிந்தது" என்று சொல்லிக் கையைத் தட்டிச் சிரித்தான்.

இதை ராசமலர் ஏன் வீட்டில் வந்து சொன்னாள் என்று கேட்டால், அதற்கும் காரணம் இருந்தது. அவளின் மகள் நிரோஜாவுக்கு ஐந்து வயது. ஊரில் ஆமிக்காரரின் ஜீப் சத்தம் கேட்டால் ராசமலர் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு அல்மாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த பயம், இங்கே வந்த பிறகும் அந்தப் பிள்ளையை விட்டுப் போகவில்லை. படியில் யாராவது நடந்தாலே மூலைக்குள் ஒடுங்கிவிடும். அந்தப் பயத்தை விளையாட்டாக்கினால் என்ன என்று தாய்க்காரி நினைத்தாள். ராசமலர் 'கண்ணில்லா மாமி' ஆகிச் சுவரைத் தடவிக்கொண்டு வருவாள். நிரோஜா சுவரோடு ஒட்டி, கண்ணை இறுக்கி மூடி, கன்னத்தை ஊதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "மாமி போயிட்டா" என்று அம்மா சொல்லும்வரைக்கும் மூச்சுவிடக் கூடாது, கண் திறக்கக் கூடாது. அதுதான் சட்டம். அம்மா சொன்னதும் வெடித்துச் சிரிக்கும். சில கிழமைகளுக்குள் பிள்ளை படிச் சத்தத்துக்குப் பயப்படுவதை விட்டுவிட்டது. அதை நினைக்க ராசமலருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை, முதலாளி கிர்ஸ்டன் கடைசிக் கதையின் கடைசிப் படத்தை அவளிடம் கொடுத்தாள். முழுத் தாளையும் நிறைக்கிற ஒரு முகம். கமெரா மெல்ல மெல்ல அதனிடம் போகும், அவ்வளவுதான். நல்ல கை வேண்டும், அவசரமில்லாமல் வீட்டில் வைத்துச் செய், திங்கட்கிழமை கொண்டு வா என்றாள்.

அன்றிரவு மேசையில் அது கிடந்தது. கண்ணை மட்டும் விட்டு எல்லாம் பூசி முடித்திருந்தாள். கண்ணைக் கடைசியில் வைப்பது அவளுக்குப் பழக்கம். ஸ்டூடியோவில் அதைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள். அவளின் ஊர்க் கோயிலில் வாகனங்களுக்கு வர்ணம் பூசுகிற ஆச்சாரியார் அப்படித்தான் செய்வார். உடம்பெல்லாம் முடித்துக் கடைசியில்தான் கண் திறப்பார். கண் திறக்காத உருவை ஒருவரும் வீட்டுக்குள் கொண்டு வரமாட்டார்கள். அது பட்டறையிலேயே கண்ணில் துணி கட்டிக் கிடக்கும். இங்கே அது சாப்பிடுகிற மேசையில் கிடந்தது. இரண்டு வெறும் ஓட்டைகள். அதற்குள்ளால் மேசைப் பலகை தெரிந்தது. பிள்ளை படுக்கிற அறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு மெல்லிய கதவு. ராசமலர் அன்றிரவு பொட்டுக் கண் மூடவில்லை.

காலையில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வீட்டில் இருக்கிற இரண்டு நாளைக்கும் கண் இருக்கட்டும். திங்கட்கிழமை விடியச் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் வெள்ளை வைத்துக் கொடுத்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? தாளை வெளிச்சப் பலகையில் குப்புறப் போட்டாள். மேசைக்கு எதிர்ப் பக்கம் நிரோஜா பாண் தின்றுகொண்டிருந்தது. எப்படிக் கண் வைப்பது என்று நிமிர்ந்தவளுக்கு எதிரே இருந்த கண்தான் தெரிந்தது. பிள்ளையின் இடது கண்ணின் கருமணியில், கீழ்ப் பக்கமாக, மஞ்சள் துகள் மாதிரி ஒரு சின்னப் புள்ளி. பிறக்கும்போதே வந்தது. அவளின் கை அதையும் விடாமல் அப்படியே வைத்தது. பிறகு மேலே வெள்ளையைப் பூசினாள். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தாளைத் தூக்கி யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"அம்மா" என்றது நிரோஜா, வாய்க்குள் பாணோடு. "மாமிக்குக் கண் வந்திட்டுது."

அப்போதுதான் அவளுக்கு மற்றது நினைவுக்கு வந்தது. ஆச்சாரியார் கண் திறக்கிற நேரத்தில் எதிரே ஒருவரையும் நிற்கவிட மாட்டார். கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். முதல் பார்வை அதில்தான் விழ வேண்டும். வேறு எவர் மேலும் விழக் கூடாது. ஓடித் திரிகிற பிள்ளைகளைத் தாய்மார் இழுத்து மடிக்குள் வைத்துக்கொள்வார்கள். ராசமலரையும் அப்படி ஒருநாள் இழுத்து வைத்திருந்தார்கள்.

"என்னைப் பாக்கிறா" என்றது பிள்ளை.

தாளைச் சட்டென்று குப்புறப் போட்டாள். பிறகு சமையல், உடுப்புத் தோய்ப்பு, புருஷனுக்குச் சாப்பாடு என்று அன்றைய பகல் போய்விட்டது. அவள் அதை மறந்துபோனதாகத்தான் தன்னை நம்ப வைத்திருந்தாள்.

இப்போது, இருட்டுகிற நேரத்தில், ஈர வெள்ளை விரலில் ஒட்டியபோது எல்லாம் திரும்ப நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாது, இப்போதே எடுத்துவிட வேண்டும். சுரண்டுகிற கூர்க் குச்சியை எடுத்தாள். மேசை லைற்றை இழுத்து வைத்தாள். வர்ணத்தின் புளித்த மணம் வழக்கத்தைவிடக் கடுமையாக மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இன்னொரு மணம். நனைந்த சுண்ணாம்புச் சுவரின் மணம். இந்த வீட்டில் சுண்ணாம்புச் சுவரே கிடையாது, எல்லாம் பூப்போட்ட கடதாசி ஒட்டிய சுவர்கள்.

குச்சியின் நுனியை இடது கண்ணில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"அம்மா!"

அறைக்குள்ளிருந்து பிள்ளை வீரிட்டது. குச்சி மேசையில் விழுந்தது. ராசமலர் ஓடினாள். நிலத்தில் பொம்மைக்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருந்த நிரோஜா இடது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தது.

"என்ன குஞ்சு? என்ன செய்தது?"

"கண்ணுக்கை குத்துது."

"கையை எடு பாப்பம். ஏதேன் விழுந்ததோ?"

"இல்லை. குத்தினது."

கண் சிவந்து நீர் வடிந்தது. ராசமலர் பிள்ளையின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி ஊதிவிட்டாள். உள்ளே ஒன்றுமில்லை. மஞ்சள் துகள் தன் இடத்தில் இருந்தது. தான் செய்ததுதான் என்று அவளுக்கு உடனேயே தெரிந்துவிட்டது. தெரியாதது மாதிரி நடிக்கக்கூட நேரமில்லை. தன் கையால், தன் பிள்ளையின் கண்ணைப் பார்த்து, தான்தான் அந்தக் கண்ணை மாமிக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். இனி அதைச் சுரண்டவும் முடியாது.

கண்ணாடி. அதுதான் வழி. விடுபட்டதை இப்போதாவது செய்ய வேண்டும். குளியலறையில் பாலேந்திரா முகம் மழிக்கிற சின்னக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். தாளை நிமிர்த்திச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, அதற்கு நேர் எதிரே கண்ணாடியைப் பிடித்தாள். குசினித் தட்டில் இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்து மனதுக்குள் கும்பிட்டாள். பிறகு குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தாள்.

சால்வை தெரிந்தது. நரைமயிர் தெரிந்தது. முகம் கண்ணாடியைப் பார்க்கவில்லை. நேரே பார்க்கும்படி அவள் வைத்த கருமணிகள் இரண்டும் ஓரத்துக்குப் போயிருந்தன. பிள்ளையின் அறை இருக்கிற ஓரத்துக்கு.

கண்ணாடியை இந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் திருப்பினாள். எங்கே பிடித்தாலும் பார்வை அதைத் தாண்டித்தான் போயிற்று.

வாய்க்குள் ஏதோ தேவாரத்தின் பாதியை முணுமுணுத்துக்கொண்டு அவள் தாளை ஒரு துவாயில் சுற்றினாள். வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் எறியலாம். ஆனால் எறிந்த இடத்தில் அது மடிந்தால்? கிழிந்தால்? யாராவது மிதித்தால்? பிள்ளையின் கண்ணை நினைக்க அவளால் எறிய முடியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹோட்டலுக்கே போய்விடலாம் என்று தோன்றியது. அவனைக் கண்டால் போதும். பகிடி பண்ணினாலும் பரவாயில்லை. துவாய்ச் சுருளை அல்மாரித் தட்டில் உடுப்புகளின் மேல் வைத்தாள். நிரோஜாவின் தடித்த கோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நிரோஜா, சப்பாத்தைப் போடுங்கோ. அப்பாட்டைப் போவம்."

அப்போது படிக்கட்டில் அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் அது சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாதபடி இருந்தது. கீழ் மாடியில் இருக்கிற டெனிஷ் கிழவர் தன் கோட்டைச் சுவரோடு உரசிக்கொண்டு ஏறுகிறார் என்று நினைத்தாள். கிழவரின் இருமல் வரும் என்று காத்திருந்தாள். இருமல் வரவில்லை. காலடிச் சத்தமும் வரவில்லை. காய்ந்த உள்ளங்கை ஒன்று சுவரைத் தடவிக்கொண்டு மேலே வந்தது. ஒரு நீள இழுவை. பிறகு ஒரு நிறுத்தம். பிறகு இன்னொரு நீள இழுவை. அந்த விளையாட்டில் எத்தனையோ தடவை தன் கையால் அவள் எழுப்பிய அதே சத்தம்.

கதவின் கீழ் இடுக்கில் படிக்கட்டு லைற் கோடாகத் தெரிந்தது. பொத்தானை அமத்தினால் எரிந்து, கொஞ்ச நேரத்தில் தானாகவே நூர்ந்துவிடுகிற லைற். அது டிக்கென்று நூர்ந்தது. மனிதர்கள் என்றால் இருட்டில் நின்று பொத்தானைத் தேடுவார்கள். சத்தம் நிற்கவில்லை. கிழவரின் வாசலைத் தாண்டியது. வளைவில் திரும்பியது.

நனைந்த சுண்ணாம்பு மணம் கதவிடுக்கால் உள்ளே வந்தது.

ராசமலர் சங்கிலியைக் கொழுவினாள். அது இரண்டு தடவை வழுக்கி, மூன்றாம் தடவைதான் மாட்டியது. வீட்டுக்கு இன்னும் தெலிபோன் லைன் இழுக்கவில்லை. யன்னலுக்குக் கீழே மூன்று மாடி ஆழம். அவள் திரும்பினாள். நிரோஜா அறை வாசலில் நின்றது. ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் மேஸ் மட்டும். அதற்கும் சத்தம் கேட்டிருந்தது. ஆனால் அதன் முகத்தில் பயமில்லை.

"மாமி வாறா" என்று இரகசியமாகச் சொன்னது. சிரிப்பை அடக்க முடியாமல் தோளைக் குறுக்கியது. "நீங்களும் நில்லுங்கோம்மா!"

சொல்லிவிட்டுச் சுவரோடு போய் ஒட்டி நின்றது. குதிக்கால், முதுகு, பின்தலை எல்லாம் சுவரில். கண்ணை இறுக்கி மூடியது. கன்னத்தை ஊதி மூச்சைப் பிடித்தது. எப்படிப் பழக்கியிருந்தாளோ அப்படியே.

சத்தம் அவர்களின் கதவுக்குப் பக்கத்துச் சுவருக்கு வந்துவிட்டது.

இழுவை.

நிறுத்தம்.

இழுவை.

ராசமலரும் மூச்சைப் பிடித்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாக் கதையிலும் பிள்ளை தப்புகிறதுதானே. அசையாமல் நின்றால் தாண்டிப் போய்விடும். தாண்டிப் போய்விடும். தாண்டிப் போ.

சத்தம் நின்றது.

ஹீற்றர் குழாயில் தண்ணீர் ஓடுவது கேட்டது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் யாரோ வானொலி வைத்திருந்தார்கள். அதைத் தவிர ஒன்றுமில்லை. ராசமலரின் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. போய்விட்டது. மெதுவாக மூச்சை விட்டாள்.

பாதி மூச்சில் அவளுக்கு விளங்கியது.

அது போகவில்லை. வீட்டுக்குள் வந்துவிட்டது. கண் கிடைத்துவிட்டது, இனிச் சுவரைத் தடவ வேண்டிய தேவை அதற்கு இல்லை.

அவள் அல்மாரிக்குப் பாய்ந்தாள். துவாய் அப்படியே இருந்தது. பிரித்தாள். தாள் இருந்தது. சால்வை இல்லை. நரைமயிர் இல்லை. ஒரு கோடு இல்லை. கழுவித் துடைத்த யன்னல் மாதிரி வெறும் தாள். இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி நின்றாள். தாளுக்கு அந்தப் பக்கம் வாசல் தெரிந்தது, சுவர் தெரிந்தது, சுவரோடு நின்ற பிள்ளை தெரிந்தது.

பிள்ளைக்குப் பக்கத்தில் சுவர்க் கடதாசியின் பூக்கள் தெரியவில்லை.

பிள்ளையின் தோளிலிருந்து மேல்நோக்கி, கூரைவரைக்கும் கறுப்பு. தடிப்பில்லாத கறுப்பு. ஓரத்தில் மைக்கோடு. அந்தக் கறுப்பு வளைந்தது. சால்வை வளைந்தது. மேலேயிருந்து ஒரு சாம்பல் முகம் சுவரோடு சுவராக இறங்கியது. மெல்ல மெல்ல. ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு இறங்கி நின்றது. திரும்பியது. பார்த்தது.

இடது கருமணியில், கீழே, மஞ்சள் துகள்.

கத்த வேண்டும். கத்தினால் பிள்ளை கண்ணைத் திறந்து அதைப் பார்த்துவிடும். பிள்ளையின் முகம் சிவந்துகொண்டு வந்தது. கன்னம் உப்பி, உதடு நடுங்கி, மூச்சுவிடாமல் நின்றது. அம்மா சொல்ல வேண்டும். அம்மா சொன்னால்தான் மூச்சு விடும். சட்டம் அது. சாம்பல் முகத்துக்கு ஒரு அவசரமும் இல்லை. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. முழங்கால் மடிந்தது.

"மாமி" என்றாள் ராசமலர். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "மாமி போயிட்டா, குஞ்சு. போயிட்டா. மூச்சை விடு."

நிரோஜா பெரிதாக மூச்சை இழுத்தது. வெடித்துச் சிரித்தது. சுவரில் பூக்கள் மட்டும் இருந்தன. கறுப்பு இல்லை, முகம் இல்லை. ராசமலர் தாளை நழுவ விட்டு, அழுதபடி இரண்டு எட்டு வைத்தாள்.

பிள்ளை கண்ணைத் திறந்தது.

வெள்ளை. இரண்டும் வெறும் வெள்ளை. ஒரு புள்ளி இல்லை. ஈரமாக, இப்போதுதான் தூரிகையை எடுத்ததுபோல ஈரமாக, கீழ் இமையின் ஓரத்தில் ஒரு சொட்டுத் திரண்டு கன்னத்தில் வழிந்தது.

தலைக்கு மேலே லைற் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா" என்றது நிரோஜா, இன்னும் சிரித்தபடி. "ஏன் லைற்றை நூத்தனீங்கள்?"

அது தலையை இங்கும் அங்கும் திருப்பியது. பிறகு சுவரில் தன் சின்ன உள்ளங்கையை வைத்தது. பூப்போட்ட கடதாசியைத் தடவித் தடவி, ஒரு நீள இழுவை, ஒரு நிறுத்தம், இன்னொரு நீள இழுவையாக, அம்மா நின்ற பக்கத்தை நோக்கி வரத் தொடங்கியது.